திறக்கிற கை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சலவைக்கூடத்தில் நான், அவர், கொதிகலன் மூவரும் உயிரோடு இருக்கிறோம். கொதிகலனுக்கு மட்டும் அடிக்கடி மூச்சு வாங்குகிறது. அவர் தட்டிக் கொடுத்து ஓட்டுகிறார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி மருந்துக்கடையிலேயே வேலை பார்த்தும் உனக்குக் குணமாகவில்லை என்றால் வலி முதுகில் இல்லை, சோம்பலில் இருக்கிறது.

உன் பாட்டைத் தினமும் காலைச் செய்தி முடிந்ததும் போடுகிறார்கள். எதிர்த்த ரொட்டிக்கடைக்காரருக்குத் தொண்டை தகர டப்பா. அவரும் மாவு பிசைந்துகொண்டே பாடுகிறார்: 'கதவு மரம்தான், பூட்டு இரும்புதான், திறக்கிற கைதான் மனுசக் கை.' எழுதியது என் அண்ணன்தான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவு செய்கிறவன் பாட்டும் எழுதுவானா என்று கேட்கிறார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் சண்டை நிற்கவில்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் காயப்போட்ட விரிப்புகளில் கரி படிகிறது. இரண்டாவது தடவை துவைக்கிறோம்.

அண்ணியிடம் ஒன்று கேட்டு எழுது. நாலு வயசுப் பிள்ளைக்கு இளைப்பு வந்தால் என்ன மருந்து, எவ்வளவு? ஏன் என்று கேட்காதே.

உன் வாயாடி


ஜனவரி 20

என் வாயாடித் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு முதுகுவலி கூடியது, சிரித்ததில். அண்ணி சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பாட்டின் கதையைச் சொன்னால் இன்னும் நம்ப மாட்டாய். பாட வேண்டியவருக்கு அன்றைக்குக் குரல் கட்டிவிட்டது. கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனார். அதற்கு வாரம் ஒரு சாக்கு கடிதம் வருகிறது. 'கேட்டோம், அக்கரையிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் மாடி அறையைக் கொடுத்துவிட்டோம்' என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். இயக்குநர் என் தோளில் தட்டினார். இருபது வருஷத்தில் முதல் தட்டு.

மருந்தின் அளவை அண்ணி தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள். கேட்காதே என்றாய், கேட்கிறேன். உங்கள் வீட்டில் நாலு வயசில் யார்?

அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கேள்விக்குப் பதிலைத் தபாலில் போட மனம் வரவில்லை. எங்கள் ஊருக்கும் உன் ஊருக்கும் பஸ் ஓட்டுகிற நெட்டையிடம் கொடுத்தனுப்புகிறேன். இனிமேல் நீயும் பஸ் நிலைய டீக்கடையில் அவரிடம் கொடு.

வீட்டில் விருந்தாளிகள் மூன்று பேர். அக்கரைக்காரர்கள். ஒரு டீச்சர், அவருடைய நாலு வயசு மகள், காது சுத்தமாகக் கேட்காத மாமனார். டீச்சரின் கணவர் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

அண்ணா, நான் நல்லவள் என்று நினைத்துவிடாதே. விடுதி விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஆற்றங்கரைச் சாலையில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தேன். பார்க்காத மாதிரி வண்டியை ஓட்டினேன். நாற்பது அடி தாண்டியிருப்பேன், டீக்கடை ரேடியோவில் உன் பாட்டு. 'வந்தவர் யாரெனக் கேட்கும் முன்னே வாவென்று சொல்லடி வாசற்படி.' பின்மண்டையில் யாரோ ஓங்கித் தட்டினாற்போல இருந்தது. திருப்பினேன்.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். "மூணு பேரா? எங்க படுக்க வைப்ப?" என்றார். பிறகு அவரே இஸ்திரி அறையில் மூட்டைகளை நகர்த்தி இடம் செய்தார். மாமனார் கடிகாரம் பழுது பார்க்கிறவராம். காது கேட்காவிட்டாலும் உள்ளங்கையைக் கொதிகலன் மேல் வைத்து, எந்தக் குழாயில் கோளாறு என்று சொல்லிவிடுகிறார். அவருக்கும் இவருக்கும் இப்போது ஒரே சிநேகம். ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. எங்கள் தெருவில் இதைவிட நல்ல சிநேகம் கிடையாது.

மருந்து வேலை செய்கிறது. அண்ணிக்கு என் அன்பு.

வாயாடி


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்ததும் அடுப்பில் போட்டேன். நீயும் என்னுடையதைப் போட்டுவிடு.

புது உத்தரவு வந்திருப்பது உனக்குத் தெரியுமா? பதிவு செய்யாமல் அக்கரைக்காரர்களை வைத்திருந்தால் சிறை. பதிவு செய்தால் மறுநாளே பாலத்தைத் தாண்டி அனுப்பிவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று செய்தி அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், வாசிக்கத்தான் மாட்டார்கள்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். பாட்டு வேறு, வீடு வேறு. பாட்டில் எல்லாருக்கும் இடம் இருக்கும். இஸ்திரி அறையில் இருக்காது. வேறு யாராவது, பெரிய வீடாக, வசதியானவர்களாக இருந்தால் பார்.

இனிமேல் காலையில் அந்தப் பாட்டு வராது. நிகழ்ச்சி மாற்றம், வேறொன்றுமில்லை.

அண்ணி சுகம். எனக்குத் தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தூக்கம் குறைவா? சுடுதண்ணீரில் காலை வைத்து உட்கார். பெரிய வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் துணியைத்தான் நான் துவைக்கிறேன் அண்ணா. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் தன் சட்டைகளை வாங்க நேரிலேயே வந்துவிட்டார். கஞ்சி போதவில்லை, காலர் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பிள்ளை இருமிவிட்டாள்.

"யாரு உள்ள?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருங்க. மூணு நாளா இருமல்."

"சின்னப் புள்ள மாதிரி இருமுறாரு?"

"கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாமே சின்னப் புள்ள மாதிரிதாங்க."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். பாவம் இவர், அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் தெருவில் வரும்போதெல்லாம் வாசலில் நின்று மெல்லிய குரலில் இருமுகிறார்.

ரேடியோ நிறுத்தினால் என்ன, தெரு நிறுத்தவில்லை. குழாயடியில் ஒருத்தி முதல் வரியை முணுமுணுப்பாள். வீட்டில் ஆள் வைத்திருப்பவள் 'திறக்கிற கைதான்' என்று இரண்டாம் வரியை எடுப்பாள். அதற்கு மேல் யாரும் எதுவும் பேசுவதில்லை. மறுநாள் யாரோ வாசலில் ஒரு பை மாவு வைத்திருப்பார்கள். இந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடு அண்ணா. நீ செய்த வேலை.

ஒரு கவலை. பிளீச்சிங் பவுடர் நெடி பிள்ளைக்கு ஆகவில்லை. அதில்லாமல் விடுதிக்காரன் விரிப்புகளை வாங்க மாட்டான். தூங்கும்போது அவள் விலா எலும்புகள் உள்ளே போய் உள்ளே போய் வருகின்றன. நானும் டீச்சரும் மாற்றி மாற்றி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறோம்.

வாயாடி


மார்ச் 12

தங்கைக்கு,

அவசரத்தில் நாலு வரி. அந்தப் பாட்டை நீ பாடாதே. தெருவிலும் பாட வேண்டாம் என்று சொல். ரேடியோவில் எதையாவது கேட்டால் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி அடுத்த மாத்திரைப் பட்டையை நெட்டையிடம் கொடுத்திருக்கிறாள்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு வரவில்லை.

ரேடியோவில் கேட்டோம். சலவைக்கூடத்தில் எல்லாரும் இருந்தோம். 'அந்தப் பாட்டு வெறும் கற்பனை. அதைக் கேட்டுச் சட்டத்தை மீறுவது தவறு. எழுதியவன் என்ற முறையில் நான் வருந்துகிறேன்.' உன் குரல்தான். சின்ன வயசில் அப்பாவிடம் பொய் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைப்பாயே, அதே மாதிரி வாசித்தாய்.

நானும் டீச்சரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தோம். அவர் விடவில்லை. நாலாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு, "அவருக்கு என்ன கஷ்டமோ" என்றார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மறுநாள் குழாயடியில் முதல் வரியை யாரும் எடுக்கவில்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை அண்ணா. விஷயம் வேறு. பிள்ளைக்கு இனி வீட்டு மருந்து போதாது. இங்கே டாக்டர்கள் நோயாளியின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டுமாம். உன் ஊரில் ஆள் யார் எவர் என்று கேட்காத ஒரு தரும ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அண்ணி முன்பு சொல்லியிருக்கிறாள். அதனால் மூன்று பேரையும் நெட்டையின் பஸ்ஸில் ஏற்றுகிறேன். ஏப்ரல் ஆறு, மத்தியானம் அங்கே இறங்குவார்கள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இருவரும் நலமா? ஆறாம் தேதியோடு உங்கள் ஊர்ப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன், பார்த்துப் படி.

நான் அனுப்பிய மூன்று மூட்டைத் துணி வந்து சேர்ந்ததா? உன் தெருமுனை வரை தானே கொண்டுவந்து விட்டதாக நெட்டை சொல்கிறார். சின்ன மூட்டை ஈரம் தாங்காது. ஒரு வரி எழுது.

தங்கை


ஏப்ரல் 22

அண்ணா,

மூட்டை என்ன ஆயிற்று?

ரொட்டிக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் வந்து பார்த்தார்கள். துணியைத் தவிர ஒன்றுமில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். அவர் இப்போது தூரத்திலேயே தலையாட்டிவிடுகிறார்.

உனக்கு ஏதாவதா? அதையாவது எழுது.


ஏப்ரல் 27

தங்கைக்கு,

நாங்கள் சுகம். மூட்டை பற்றிக் கவலைப்படாதே. நனையவில்லை. மற்றதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அண்ணன்


மே 11

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணியின் கடைக்கு மருந்து கொண்டுவரும் வேன் நாளை உங்கள் ஊருக்குப் போகிறது. ஓட்டுகிறவர் நம்பிக்கையானவர். அதனால் இதைத் திறந்து எழுதுகிறேன். இதற்கு முன் நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவர்கள் வந்தார்கள். ஏப்ரல் ஆறு, பஸ் தாமதமாகி மாலை நாலு மணி. அண்ணி கடையில் இருந்தாள். அவர்கள் வருவது எனக்குத் தெரியும். அதற்காகவே லீவு போட்டிருந்தேன். படியில் காலடி கேட்டது. தட்டினார்கள். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். டீச்சர் இடுப்பில் பிள்ளை. அவள் தோள் இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. என் கை தாழ்ப்பாள் மேல்தான் இருந்தது வாயாடி. நான் இழுக்கவில்லை.

மறுபடி தட்டினார்கள். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். எங்கள் வீடு மரத்தளம், பலகை கிறீச்சென்றது. படிக்கட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அந்தப் பெரியவர் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்திருந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மருமகளைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறது என்று சைகை காட்டினார். டீச்சர் நேராக அந்தத் துளையைப் பார்த்தார். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். நடுவில் ஒரு விரல் கனம் மரம். "தொந்தரவு குடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. போய்விட்டார்கள்.

அண்ணி வந்ததும் கேட்டாள், "வந்துட்டாங்களா?" சொன்னேன். கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அவள் பின்னாலேயே நானும் ஓடினேன்.

இரண்டு நாள் தேடினோம். உங்கள் ஊர்ப் பஸ் நின்றுவிட்டதால் திரும்பிப் போக வழியில்லாமல் பஸ் நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்று அண்ணி சொன்னாள். இல்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று பாடினேன். எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும். முதல் வரியிலேயே சுருதி எங்கோ போய்விட்டது. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலை நிமிராமல் இரண்டாம் வரியை முணுமுணுத்தார். கிட்டே போனேன்.

"ஒரு டீச்சர், ஒரு பிள்ளை, ஒரு பெரியவர்... பார்த்தீங்களாம்மா?"

அவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இந்தக் குரலைக் கேட்டிருக்கேனே. ரேடியோவுல வருத்தம் தெரிவிச்ச ஆளுதானே நீ? எனக்கு யாரையும் தெரியாது. போ."

அண்ணி முன்னால் வந்தாள். "அவரை விடுங்கம்மா. நான் மருந்துக்கடையில வேலை பாக்குறேன். பிள்ளைக்கு இளைப்பு. மருந்து இதோ."

"மருந்தைக் குடு. ஆளை நம்ப முடியாது."

வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கிக்கொண்டார். எட்டு நாள் கழித்துத்தான் அண்ணியை மட்டும் உள்ளே விட்டார். துடைப்பங்களும் வாளிகளும் வைக்கிற அறை. டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பின்சுவர். அங்கேதான் இருந்தார்கள். அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தரும ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். உனக்கு 'நனையவில்லை' என்று எழுதியது அதற்குப் பிறகு. அது உண்மை. யாரால் நனையவில்லை என்பதைத்தான் எழுதவில்லை.

இந்த மாதம் முதல் வாரம் அந்த அறையைச் சோதனை போடப் போவதாகத் தெரிந்தது. என்னை வரச் சொன்னார் டீச்சர். போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க மேல கோவம் இல்லைங்க. பயந்துட்டீங்க. நாங்களும் பயந்துதானே ஓடி வந்தோம்? ஆனா நாளைக்கு வேற யாராவது கதவைத் தட்டினா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. அதுதான் யோசனையா இருக்கு."

"எனக்கும் தெரியாதுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? பிறகு வீட்டுச் சாவியை எடுத்து அவர் முன் வாளியின் மேல் வைத்தேன். "இருக்கிறது ஒரே சாவி. உங்ககிட்ட இருக்கட்டும். நான் தொறக்கணும்னு நீங்க காத்திருக்க வேண்டாம்."

மறுநாள் வந்தார்கள். அவர்களே திறந்துகொண்டு வந்தார்கள். இப்போது சாயங்காலம் நான்தான் வெளியே நின்று தட்டுகிறேன். சில நாள் உடனே திறக்கிறார்கள். சில நாள் உள்ளே ஒரு நிமிஷம் சத்தமே வராது. யார் என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியதுதான்.

எதிர் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தினமும் அவர் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன்.

அண்ணன்

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது: உன் அண்ணன் ஒட்டப் போன உறையைப் பிடுங்கி இதைச் சேர்க்கிறேன். எழுதச் சொன்னால் எழுத மாட்டார். மார்ச் மாதம் இயக்குநர் இவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை மேஜையில் வைத்தாராம். அதில் உன் சலவைக்கூடத்தின் விலாசம் இருந்தது. "ஆத்தங்கரையில உங்க தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் ரேடியோவில் வாசித்தார். கதவைத் திறக்காதது வேறு கணக்கு; அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.


மே 19

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாங்கள் சுகம். ரொட்டிக்கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. நேற்றிலிருந்து கடையைத் திறந்திருக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டாம் தடவை, ஆற்றங்கரைச் சாலையில் நான் ஓட்டிக்கொண்டு போன நாற்பது அடி ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவை அண்ணியின் வரிகளில் நின்றுவிட்டேன். என் விலாசத்துக்காக வாசித்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசிக்காதே என்றிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை, இல்லையா?

கோபம் இன்னும் இருக்கிறது அண்ணா. போனதும் சொல்கிறேன். இப்போது நேரமில்லை.

நேற்று இருவர் வந்திருக்கிறார்கள். அக்காவும் தங்கையும், அறுபது வயசுக்கு மேல். இங்கே இனி வைக்க முடியாது. இன்ஸ்பெக்டரின் ஆட்கள் வாரம் இரண்டு தடவை வருகிறார்கள். இதை வேன்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன்; அடுத்த நடையில், செவ்வாய்க்கிழமை, அவர்களை அழைத்து வருகிறார். டீச்சரிடம் சொல்; அவர் சரி என்றால் பதில் வேண்டாம், முடியாது என்றால் மட்டும் எழுது.

மூத்தவருக்கு முழங்கால் மடங்காது. மூன்று மாடி ஏற அவருக்கு வெகுநேரம் ஆகும். அவர்கள் வந்து தட்டும்வரை உட்கார்ந்திருக்காதே. வேன் சத்தம் கேட்டதும் கீழே இறங்கிப் போ.

உன் வாயாடி